ஜோடியா முயல் கேக்கறவங்களுக்கு நான் கொடுக்கறதில்லைங்க

யாராச்சும் போன் பண்ணி "அக்கா, ஒரு ஆணு ஒரு பொட்டை, ஜோடியா வேணும், பாப்பாவுக்கு பர்த்டே"ன்னு ஆரம்பிச்சாலே நான் இல்லைன்னு சொல்லிடுவேன். ரெண்டும் பொட்டையா வேணும்னா பேசலாம், ஒத்தை வேணும்னா அப்பவும் பேசலாம், ஜோடி மட்டும் கிடையாது. "காசு கொடுத்து தானே வாங்கறோம், அப்பறம் என்ன திமிரு"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டவங்களும் இருக்காங்க, கேட்டுட்டுப் போகட்டும். ஏன் கொடுக்கறதில்லைன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போன்ல விளக்கி விளக்கி தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன்.

எங்க வீடு பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு கேரளா, வீட்டுல பேச்சு தமிழ், காய்கறி வேலந்தாவளம் மார்க்கெட், கொஞ்சம் பெரிய வேலைன்னா கோயமுத்தூரு பஸ் ஏறணும். வீட்டுக்குப் பின்னாடி புளியமரத்து நிழல்ல கூண்டு போட்டு முயல் வளக்கறேன். பண்ணை இல்லைங்க, கறிக்கும் இல்ல. ஆசைக்கு வளக்கறது, வருஷத்துக்கு ரொம்பக் கொஞ்சமா குட்டி எடுத்து தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கறது, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு விஷயம் மண்டைல ஏறணும். மாட்டுக்கு 21 நாளைக்கு ஒருக்கா பருவம் வரும், கத்தும், தெரிஞ்சு போகும், விட்டுட்டா அடுத்த பருவம் வரைக்கும் நிம்மதி. நாய்க்கு வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான். முயலுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கிடையாது. பொட்டை முயலோட முட்டை தானா வெளிய வராது, ஆணு கூட சேர்ந்தாத்தான் அந்தத் தூண்டல்ல சுமார் பத்துலேர்ந்து பதிமூணு மணி நேரம் கழிச்சு முட்டை விடுது. பூனையும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். அதனால "இன்னைக்கு ஹீட்ல இல்ல, ஒரு மணி நேரம் ஒண்ணா விளையாடட்டும்"ங்கற கணக்கு முயல்கிட்ட செல்லவே செல்லாது. சேர்ந்தா முட்டை வரும், முட்டை வந்தா பெரும்பாலும் குட்டிதான். சேர விடறது யாரு? நாமதான். அப்ப ஒவ்வொரு குட்டிக்கும் பொறுப்பு நம்ம தலைல.

சினைக்காலம் 31 நாள், ஒரு நாள் முன்ன பின்ன ஆகலாம். இதுல வில்லங்கம் என்னன்னா குட்டி போட்ட அன்னைக்கே பொட்டை மறுபடி சேரத் தயாரா இருக்கும். அதே கூண்டுல ஆணு இருந்துச்சுன்னா காலைல குட்டி, மத்தியானம் அடுத்த சினை, அதாவது ஒரு ஈட்டுக்கு, ஒரே பிரசவத்துக் குட்டிங்களுக்கு, பால் கொடுத்துட்டே அடுத்த ஈட்டை வயித்துல சுமக்கும். ஒரு ஈட்டுக்கு ஆறு குட்டின்னு வச்சு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க, வருஷத்துக்கு அறுபதைத் தாண்டும். நிஜத்துல அவ்வளவு வராது, ஏன்னா அதுக்குள்ள அந்தத் தாய் எலும்பும் தோலுமா ஆகி சினை பிடிக்காமப் போயிடும், இல்ல செத்துப்போகும். பர்த்டே கிஃப்ட் ஜோடி முக்காவாசி இப்படித்தான் முடியுது, அப்பறம் "அக்கா எல்லாத்தையும் எடுத்துக்கறீங்களா"ன்னு அட்டப்பெட்டியோட வந்து நிக்கறாங்க.

பருவமே இல்லைன்னா எந்நேரமும் சேருமான்னா அதுவும் இல்ல. உள்ள முட்டைப் பைகள் அலை அலையா வளரும், அடங்கும், திரும்ப வளரும். சுமாரா பன்னெண்டு பதினாலு நாள் சேர ஒத்துக்கும், நடுவுல ரெண்டு மூணு நாள் ஒத்துக்காது. இதைப் பாக்கறதுக்கு நல்ல வழி வாலைத் தூக்கி அடியில பாக்கறதுதான். வெளிறி வெள்ளையா சுருங்கி இருந்தா வேண்டாம். நல்லா சிவந்து லேசா வீங்கி ஈரமா இருந்தா ஒத்துக்கும். கருஞ்சிவப்பா ஊதா அடிச்சா நேரம் கடந்துட்டிருக்குன்னு அர்த்தம். கூண்டுல தாடையத் தேய்ச்சுக்கிட்டு, தண்ணிக் கிண்ணத்தைக் கவுத்துக்கிட்டு, முதுகுல தடவினா பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டிட்டு இருந்தாலும் தெரியும், ஆனா சில பொட்டை இதெல்லாம் ஒண்ணும் காட்டாம கம்முனு இருக்கும், நிறம் பாக்கறதுதான் நம்பிக்கை.

சேர விடும்போது எப்பவும் பொட்டையத்தான் ஆணு கூண்டுக்கு கொண்டு போகணும், மாத்திச் செய்யாதீங்க. பொட்டைக்கு தன் கூண்டுன்னா உசுரு, அங்க ஆணைக் கொண்டு போய் விட்டா கடிச்சுக் குதறிடும், சில சமயம் கடிக்கற இடம் வேற ஏடாகூடமா இருக்கும். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி, இல்ல சாயங்காலம். ஆணு ரெண்டு சுத்து சுத்தும், மோந்து பாக்கும், ஏறும், எல்லாம் சில செகண்டுதான், முடிஞ்சதும் 'கீச்'னு ஒரு சத்தம் போட்டுட்டு அப்படியே பக்கவாட்டுல தொப்புனு விழும். முதல் தடவை பாத்தப்ப எங்க அத்தை "அய்யோ, வலிப்பு வந்துடுச்சு, தண்ணி கொண்டா"ன்னு ஓடி வந்துட்டாங்க. அப்படி விழுந்தாத்தான் சரியா சேந்திருக்குன்னு அர்த்தம். உடனே பொட்டையத் தூக்கி அதோட கூண்டுல விட்டு தேதி எழுதிடணும். ஒத்துக்காம மூலைல போய் ஒடுங்கி உக்காந்துச்சுன்னா பிடிச்சு வச்சு சேர வைக்கறது எல்லாம் வேண்டாம், ரெண்டு நாள் கழிச்சு பாத்துக்கலாம். ராத்திரி முழுக்க ஒண்ணா விட்டுட்டு தூங்கப் போகவே கூடாது, சண்டையும் ஆகும், எப்ப சேந்துச்சுன்னு தேதியும் தெரியாது.

அதுக்கும் முன்னாடி, எதைச் சேக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. ஆறு மாசம் ஆகாத பொட்டைய நான் சேக்கறதில்ல. சின்ன ரகம் நாலு மாசத்துலயே சினை பிடிக்கும்தான், ஆனா அதோட உடம்பே இன்னும் வளந்து முடியல. பெரிய ரகம்னா இன்னும் ரெண்டு மூணு மாசம் கூட பொறுக்கலாம். மூணு வயசு தாண்டினா நிறுத்திடறது. அப்பறம் பல்லு. உதட்டை லேசா விலக்கிப் பாருங்க, மேல்பல்லு கீழ்ப்பல்லுக்கு முன்னாடி வந்து சும்மா உரசிட்டு நிக்கணும். ரெண்டும் நேருக்கு நேரா முட்டிக்கிட்டோ, கீழ்ப்பல்லு வெளிய துருத்திக்கிட்டோ இருந்தா அது எவ்வளவு அழகா இருந்தாலும் குட்டி எடுக்கக் கூடாது. முயல் பல்லு வாழ்நாள் பூரா வளந்துட்டே இருக்கும், உரசித் தேயலன்னா சுருண்டு வாய்க்குள்ள குத்தும், இந்தக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையா வர்றது. பிறந்த குட்டிங்க மாசா மாசம் பல்லு வெட்டிட்டு அலையணும், பாவம்.

குள்ள முயல் மோகம் வேற இப்ப. ரெண்டு பக்கமும் குள்ள ஜீன் இருக்கற நிஜக் குள்ள ரகத்தைச் சேர்த்தா, நாலுல ஒரு குட்டி அந்த ஜீனை ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வாங்கி சுண்டுவிரல் சைஸுல பிறந்து சில நாள்ல செத்துப்போகும். சொல்லிட்டு விக்கறவங்க யாரையும் நான் பாத்ததில்ல.

இப்ப நம்மூரு சமாச்சாரத்துக்கு வரேன், இதை எந்தப் புத்தகமும் பாலக்காட்டுக்காரங்களுக்குன்னு எழுதி வைக்கல. நாம வளக்கற முயல் எல்லாமே, வெள்ளையோ கருப்போ தொங்குகாதோ, ஸ்பெயின் போர்ச்சுகல் பக்கத்து காட்டு முயலோட வம்சம். மண்ணுக்கடியில வளை தோண்டி குளுகுளுன்னு இருந்த ஜாதி. அதுக்கு வேர்க்கத் தெரியாது, சூட்டை வெளிய விடறதுக்கு காதை விட்டா பெருசா வேற வழி இல்ல. 30 டிகிரி தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். எங்க பக்கம் மார்ச் ஏப்ரல்ல மத்தியானம் 38, 40 சர்வசாதாரணம். மேக்க மழை கொட்டுதுன்னு கேரளான்னா எல்லாரும் நினைக்கறாங்க, சித்தூர் தாலுக்காவோட கிழக்குக் கோடி மழை மறைவுப் பிரதேசம்ங்க, வடகரப்பதி எருத்தேம்பதி பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க கிணத்துல தண்ணி எத்தனை அடியில இருக்குன்னு.

அந்த வெயில்ல பொட்டைக்குத் தின்னி குறையும், அது கண்ணுக்குத் தெரியும். ஆணுக்கு ஆகறது கண்ணுக்குத் தெரியாது, விந்து கெட்டுப்போகும். ஆணு பாக்க தெம்பா இருக்கும், ஏறும், கீச்சுனு கத்தி விழும், எல்லாம் ஒழுங்கா நடக்கும், சினை மட்டும் நிக்காது. புது விந்து உருவாகி வர்றதுக்கு ஒன்றரை ரெண்டு மாசம் ஆகும், அதனால ஏப்ரல்ல அடிச்ச வெயிலோட விளைவு ஜூன் வரைக்கும் இழுக்கும். நடுப்புணி பக்கத்துல ஒரு அண்ணன், மே மாசம் ஆரம்பிச்சு பொட்டைய மாத்தி மாத்தி விட்டுட்டு "எல்லாம் மலடும்மா, சந்தைக்காரன் ஏமாத்திட்டான்"னு புலம்பிட்டு இருந்தாரு. "அண்ணா, பொட்டை மேல ஒரு தப்பும் இல்ல, உங்க ஆணுக்கு ரெண்டு மாசம் லீவு கொடுங்க"ன்னேன், அவருக்கு அந்தப் பேச்சே பிடிக்கல, ஆணைச் சொன்னா அவரைச் சொன்ன மாதிரி கோவம். ஆடி முடிஞ்சு காத்து குளுந்ததும் அதே ஆணு, அதே பொட்டை, ஏழு குட்டி. அதுக்கப்பறம் சந்தைக்காரனைத் திட்டறதை நிறுத்திட்டாரு.

அதனால என் வீட்டுல பிப்ரவரி கடைசியோட சேக்கறது க்ளோஸ், திரும்ப செப்டம்பர் அக்டோபர் வாக்குலதான். வெயில் மாசத்துல கூண்டு மேல நனைச்ச சாக்கு, ஐஸாக்கின தண்ணி பாட்டில் துணில சுத்தி கூண்டுக்குள்ள ஒண்ணு, அது பக்கத்துல போய் ஒட்டிப் படுத்துக்கும். காதை ஈரக் கையால துடைச்சு விடலாம், ஆனா முயல் மேல பச்சைத் தண்ணிய மொண்டு ஊத்தாதீங்க, அதிர்ச்சிலயே போயிடும். கொடைக்கானல் மலைல மன்னவனூர்ல மத்திய அரசோட ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்துல முயலும் வளக்கறாங்க, அந்தக் குளுருக்குப் பழகின முயலை வாங்கிட்டு நேரா சித்திரை மாசத்துல இங்க இறக்கினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. வாங்கறதா இருந்தா மழை ஆரம்பிச்ச அப்பறம் வாங்குங்க. புதுசா வந்ததை மூணு நாலு வாரம் தனியா வேற இடத்துல வச்சு, சொறி, மூக்கொழுகல் இல்லைன்னு பாத்துட்டுத்தான் மத்ததோட கூண்டுக்குப் பக்கத்துல கொண்டு போகணும்.

சரி, சேத்தாச்சு. சினையா இல்லையான்னு எப்படித் தெரியறது? பன்னெண்டாம் நாள் வாக்குல வயித்தை அடியிலேர்ந்து கட்டைவிரலும் மத்த விரலுமா மெதுவா அணைச்சுப் பாத்தா திராட்சை சைஸுல உருண்டை உருண்டையா வழுக்கிட்டுப் போகும். புழுக்கையும் உருண்டையாத்தான் இருக்கும், ஆனா அது சின்னது, கெட்டி, முதுகெலும்பை ஒட்டி மேல இருக்கும். பழக்கம் இல்லாதவங்க அமுக்கவே வேண்டாம், குட்டி கலைஞ்சுடும். எனக்கு இதைக் கையப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தது எங்க மிருகாஸ்பத்திரில இருந்த மலையாளி டாக்டர் மேடம், "பதுக்கெ, பதுக்கெ"ன்னு, மெதுவா மெதுவான்னு, என் விரலை லூசாக்கி விட்டுட்டே இருப்பாங்க.

பொய் சினைன்னு ஒண்ணு இருக்கு, அதுலதான் முக்காவாசிப் பேரு குழம்பறாங்க. முட்டை வெளிய வந்துடுச்சு, ஆனா கரு நிக்கல, அப்ப உடம்பு சினைன்னே நினைச்சுக்கிட்டு பதினாறு பதினெட்டு நாள் அப்படியே நடிக்கும். வெயில்ல விந்து கெட்ட ஆணு சேந்தாலும் இது வரும். ஆணே வேண்டாம், ரெண்டு பொட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாலும் போதும், அந்தத் தூண்டல்லயே முட்டை வந்துடும். பக்கத்துத் தோட்டத்துப் பொண்ணு, காலேஜ் படிக்கறா, ரெண்டு பொட்டைதான் வச்சிருந்தா. ஒரு நாள் காலைல மூச்சு வாங்க ஓடி வந்தா, "அக்கா, என் மீனு குட்டி போடப் போறா, ஆனா ஆணே இல்லையே, எப்படிக்கா?"ன்னு கண்ணு கலங்க நிக்கறா. போய்ப் பாத்தா வாயில வைக்கோலைக் குறுக்கா கவ்விக்கிட்டு, ரெண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கிட்டு, அங்கயும் இங்கயும் ஓடுது, நெஞ்சு முடிய பிச்சு பிச்சு மூலைல மெத்தை போடுது, கிட்டப் போனா 'உர்'ருங்குது. அத்தனையும் பொய்தான். கூட இருந்த இன்னொரு பொட்டை மேல ஏறினதை ரெண்டு வாரம் முன்னாடி அவளே பாத்திருக்கா, விளையாடுதுன்னு விட்டுட்டா. ரெண்டு நாள் அதை அதோட வேலைய பாக்க விட்டோம், மெத்தையக் கலைக்கல, தானா அடங்கிடுச்சு.

இதுலேர்ந்து ஒரு கணக்கு வச்சுக்கலாம். சேத்த தேதிலேர்ந்து பதினேழு நாள் வாக்குல முடி பிச்சா பொய், முப்பது நாள் கிட்ட பிச்சா நிஜம். அதான் தேதி எழுதச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் கறவைக் கணக்கு எழுதற காலண்டர்லயே நானும் எழுதிடுவேன், பால் லிட்டர் பக்கத்துலயே முயல் தேதியும் கிடக்கும்.

சினையா இருக்கும்போது பாசத்துல தின்னி அள்ளிப் போட்டு கொழுக்க வைக்கக் கூடாது. கொழுத்த பொட்டை கடைசி வாரத்துல திடீர்னு தின்னிய நிறுத்தும், ரத்தத்துல நஞ்சு ஏறி ஒரே நாள்ல போயிடும், வைத்தியம் பாத்து காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். காஞ்ச புல்லு எந்நேரமும் இருக்கட்டும், பெல்லட் தீவனம் அளவோட, கூட கொஞ்சம் வேலிமசால், முருங்கை, அகத்தி, மல்பெரி. கடலைக்கொடி எங்க பக்கம் சல்லிசா கிடைக்கும், நல்லாத் தின்னும், ஆனா மழைல நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச கொடிய போட்டா கதை முடிஞ்சது, மோந்து பாத்துட்டுப் போடுங்க. தண்ணி ஒரு நிமிஷம் கூட காலியா இருக்கக் கூடாது.

இருபத்தெட்டாம் நாள் பெட்டி வைக்கணும். முன்னாடியே வச்சா அதுக்குள்ள மூத்திரம் போய் நாசம் பண்ணிடும். நான் வைக்கறது பழைய பலகைல ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், முன்பக்கம் அரை அடி உயரம், அதுல மரத்தூள் சுருள் கொஞ்சம், மேல நல்ல காஞ்ச புல்லு. தேங்காய் நார் போடறவங்க இருக்காங்க, நீளமான நார் குட்டியோட கால்ல சுத்தி இறுக்கிடும், துணிக் கிழிசல் நூலும் அப்படித்தான். அப்பறம் எறும்பு. கூண்டோட நாலு காலையும் தண்ணி ஊத்தின கிண்ணத்துக்குள்ள நிறுத்துங்க, பிறந்த குட்டிய செவ்வெறும்பு மொய்ச்சதைப் பாத்தவங்களுக்கு அதோட அருமை தெரியும். மார்கழி தை மாசம் கணவாய்க் காத்து ராத்திரி ஊளையிட்டு அடிக்கும், அந்தப் பக்கம் சாக்கு கட்டி மறைச்சாகணும், ஏன்னா குட்டிக்கு உடம்புல பொட்டு முடி இருக்காது.

குட்டி போடறது பெரும்பாலும் விடியக்காலைல, அரை மணி நேரத்துல முடிஞ்சுடும், நாம பக்கத்துல போய் நிக்க வேண்டாம். முடிஞ்ச அப்பறம் தாய்க்கு ஒரு வெல்லத் துண்டோ வாழைப்பழத் துண்டோ கொடுத்து அந்தப் பக்கம் இழுத்துட்டு, பெட்டில கையை விட்டுப் பாக்கணும். கையை முயல் முடில தேய்ச்சுட்டு விட்டா போதும், "மனுஷன் தொட்டா தாய் ஒதுக்கிடும்"கறது வளத்து பழகின முயலுக்கு அவ்வளவா பொருந்தாது. செத்தது இருந்தா எடுத்துடணும். சில தலைச்சன் தாய் குட்டியக் கடிக்கும், தின்னும். தண்ணி இல்லாம தவிச்சதாலயும் இருக்கலாம், நாய் குரைச்சு மிரண்டதாலயும் இருக்கலாம், ஏன் எதுக்குன்னே தெரியாமயும் நடக்கும். ஒரு தடவைன்னா மன்னிச்சுடலாம், அடுத்த ஈட்டுலயும் அதே செஞ்சா அதை இனிமே சேக்கறதில்ல.

இனி எனக்கு வர்ற போன்லயே அதிகமான போன். "அக்கா, தாய் குட்டி கிட்டயே போக மாட்டேங்குது, பால் கொடுக்கவே இல்ல, பசும்பால் ஊத்தட்டுமா?" ஊத்தாதீங்க. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், மிஞ்சிப் போனா ரெண்டு, அதுவும் மூணு நாலு நிமிஷம், பெரும்பாலும் விடியலுக்கு முன்னாடி நீங்க தூங்கிட்டு இருக்கும்போது. மத்த நேரம் வேணும்னேதான் தள்ளி இருக்கும், குட்டி இருக்கற இடத்தை நரி, மரநாய்க்கு காட்டிக் கொடுக்கக் கூடாதுங்கற புத்தி அது. பால் குடிச்சுதான்னு குட்டியோட வயித்தைப் பாருங்க. முதல் சில நாள் தோல் அவ்வளவு மெல்லிசா இருக்கும், குடிச்ச பால் உள்ள வெள்ளைப் பட்டையா அப்படியே தெரியும். வயிறு உருண்டு தோல் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா குடிச்சிருக்கு, கையப் போட்டாலும் சும்மா நெளியும். வயிறு ஒட்டி, தோல் சுருக்கம் விழுந்து, மூடிய முடிய விலக்கினதும் எல்லாம் கீச்சு கீச்சுனு துள்ளி உங்க கையத் தேடினா அதுதான் பசி. அப்ப தாயோட மடியப் பாருங்க. கெட்டியா சூடா நீலம் பாரிச்சிருந்தா மடி நோய், உடனே டாக்டர். நல்லா இருந்தா தாயை மடில மல்லாத்திப் பிடிச்சு குட்டிய விட்டு குடிக்க வைக்கலாம்.

பசும்பால் ஏன் வேண்டாம்னா முயல் பால்ல கொழுப்பு பசும்பாலை விட மூணு பங்குக்கு மேல இருக்கும், அதுக்கு இது வெறும் தண்ணி. அதுவும் சொட்டு மருந்து ஃபில்லர்ல பாலை வாயில பீச்சினா மூக்குல ஏறி நுரையீரலுக்குப் போகும். வேற தாய் அதே ரெண்டு மூணு நாள் வித்தியாசத்துல குட்டி போட்டிருந்தா அதுகிட்ட சேத்து விடறதுதான் உத்தமம், அதோட பெட்டி முடிய குட்டி மேல தேய்ச்சுட்டு நடுவுல வச்சுட்டா எண்ணிப் பாக்காது. இதுக்காகவே நான் சேக்கும்போது முடிஞ்ச வரைக்கும் ரெண்டு பொட்டைய ஒரே நாள் சேக்கறது. குளிர்ல விறைச்சுக் கிடக்கற குட்டிய செத்துடுச்சுன்னு தூக்கி எறியாதீங்க, உள்ளங்கைல வச்சு, வெதுவெதுப்பான தண்ணி பாட்டில்ல ஒட்டி சூடு பண்ணுங்க, முதல்ல சூடு, அப்பறம்தான் பால்.

பத்து பன்னெண்டு நாள்ல கண்ணு திறக்கும். மூணு வாரத்துல பெட்டிய விட்டு எகிறிக் குதிக்கும். சந்தைல மூணு நாலு வாரக் குட்டிய கூடைல போட்டு விக்கறாங்க, பாக்க ஆசையாத்தான் இருக்கும், வாங்கிட்டுப் போன ஒரு வாரத்துல கழிஞ்சு செத்துப்போகும், ஏன்னா குடல் இன்னும் புல்லுக்குப் பழகவே இல்ல. ஆறு வாரம் தாய்கிட்ட, எட்டு வாரம் ஆனாத்தான் என் வீட்டுப் படி தாண்டும். மழைக்காலத்துக் குட்டிக்கு ரத்தக் கழிச்சல் வரும், ஒருசெல் கிருமி, கூண்டு ஈரமா இருந்தா பரவும், சாணத்தோட சாம்பிள் எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. மெடிக்கல்ல கேட்டு குழந்தைக்குக் கொடுக்கற அமாக்சிசிலின் சிரப்பை மட்டும் ஊத்திடாதீங்க, முயலோட குடல்ல இருக்கற நல்ல கிருமிய அது கொன்னுடும், நோய் விட்டு வச்சாலும் மருந்து விட்டு வைக்காது. நாய்க்கு உண்ணிக்கு விடற ஃபிப்ரோனில் சொட்டும் முயலுக்கு ஆகாது.

ஆணா பொட்டையான்னு பாக்கறது அனுபவக்காரங்களுக்கே தடுமாறும். எட்டு வாரம் வாக்குல லேசா அமுக்கிப் பாத்தா ஆணுக்கு வட்டமா குழாய் மாதிரி வரும், பொட்டைக்கு நீளக் கீத்து மாதிரி. விதை இறங்கின அப்பறம் சுலபம்தான், ஆனா பயந்தா அதை உள்ள இழுத்துக்கும், அதைப் பாத்துட்டு பொட்டைன்னு கொடுத்துடுவாங்க. அதனால ரெண்டும் பொட்டைன்னு வாங்கிட்டுப் போனவங்களை மூணாம் மாசம் திரும்பக் கொண்டு வந்து காட்டச் சொல்லுவேன். கூடப் பிறந்ததுங்களையும் மூணு மாசத்துக்குள்ள ஆணு வேற, பொட்டை வேறன்னு பிரிச்சாகணும், அண்ணன் தங்கச்சிங்கற கணக்கெல்லாம் அதுகளுக்குக் கிடையாது.

குட்டி யாருக்குப் போகுதுன்னு சேக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நாலு பேரு பேர் சொல்லி வச்சிருந்தாத்தான் ஒரு பொட்டைய சேப்பேன். அந்த வருஷம் யாரும் கேக்கலையா, குட்டி இல்ல, அவ்வளவுதான். முடி வளர ரத்த எண்ணெய் காய்ச்சணும்னு கேட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க, "வீட்டுல வளக்கத்தாங்க"ன்னு பொய் சொல்லுவாங்க, கூண்டு எங்க வைப்பீங்க, என்ன தின்னி போடுவீங்கன்னு ரெண்டு கேள்வி கேட்டா முழிக்கறதுலயே தெரிஞ்சுடும். தோட்டத்துல கடலை பறிக்கறப்ப கிடைச்ச காட்டு முயல் குட்டிய தூக்கிட்டு வந்து "இதை உங்க முயலோட கிராஸ் பண்ணிக் கொடுங்க"ன்னவரும் உண்டு. நம்மூரு காட்டு முயல் வேற இனம்ங்க, குரோமோசோம் எண்ணிக்கையே அதுக்கு 48, வீட்டு முயலுக்கு 44, சேந்தாலும் குட்டி பிறக்காது. காட்டு முயலோட குட்டி கண்ணு திறந்து முடியோடதான் பிறக்கும், தாய் ராத்திரி வந்து பால் கொடுத்துட்டுப் போகும், அநாதைன்னு நினைச்சு தூக்கிட்டு வந்துடறாங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வீட்டுல வைக்கவும் கூடாது. எடுத்த இடத்துலயே கொண்டு போய் விடச் சொல்லி அனுப்பிட்டேன்.

குட்டி எடுக்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணின முயலுக்கு ஆபரேஷன் பண்ணிடறது நல்லது. ஆணுக்குக் காயடிச்சா சண்டை, மூத்திரம் பீச்சறது குறையும். பொட்டைக்கு அதை விட முக்கியம், நாலு வயசு தாண்டின பொட்டைக்கு கருப்பைப் புத்துநோய் ரொம்ப சகஜம், மூத்திரத்துல ரத்தம் வர்றப்ப கண்டுபிடிச்சா பல சமயம் காலம் கடந்திருக்கும். ஆனா எல்லா டாக்டரும் முயலுக்குப் பண்ண மாட்டாங்க, மண்ணுத்தி வெட்டினரி காலேஜ் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துல விசாரிங்க, கோயமுத்தூர்லயும் பண்றவங்க இருக்காங்க. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க. நாய் பூனைக்கு மாதிரி முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து பட்டினி போடணும்னு யாராச்சும் சொன்னா அங்கேயே யோசிக்கணும், முயலுக்கு வாந்தி வராது, பட்டினி போட்டா குடல் நின்னுடும். காயடிச்ச ஆணை நாலுலேர்ந்து ஆறு வாரம் பொட்டை கூட விடாதீங்க, மிச்சம் இருக்கற விந்துலயே சினை பிடிக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அது ரொம்பப் பிரியமாத் தின்னற தழைய முன்னாடி வைங்க, கொத்தமல்லியோ முருங்கையோ, அன்னைக்குள்ள வாய் வைக்கணும், மறுநாள் காலைக்குள்ள புழுக்கை விழணும், இல்லைன்னா காத்திட்டு இருக்காம டாக்டருக்கு போன் போடுங்க.